தேய்மானமும் திருப்பண்டமும்

பழைய பேஸ் கித்தார் ஒன்றின் கழுத்தில் மேற்பூச்சு தேய்ந்துபோனதைப் பற்றி ஒரு மறைமாவட்ட இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் ஒரு சிறு பொருளைக் குறித்து நாம் எடுக்கும் முடிவு, பெரிய பொருள்களைக் குறித்து நம் உள்ளத்தில் இருப்பதைப் பலமுறை காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவ்வகையில் இந்தச் சிறு வழக்கை இறைமக்கள் முன் வைக்கத் துணிகிறேன்.

எங்கள் பங்கின் பாடற்குழுவில் பேஸ் வாசிக்கும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் கருவியை என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய தாய்மாமன் இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், வேறொருவர் பயன்படுத்தியதை விலைக்கு வாங்கி, அங்குள்ள ஆலயத்திலும் நண்பர்களின் இசைக்குழுவிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த கருவி அது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபெண்டர் தொழிற்சாலையில் உருவானது. மாமன் இறைவனடி சேர்ந்தபின் மருமகன் கைக்கு வந்திருக்கிறது. கழுத்தின் பின்புறம், தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் ஊன்றும் இடத்தில் தேன்நிற மெருகு முற்றிலும் போய், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு மரம் சாம்பல் படிந்து தெரிந்தது.

"பட்டறையில் கேட்டேன், மாஸ்டர். மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டூக்கோ அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். புதுசு மாதிரி ஆகிவிடுமாம்" என்றார்.

"செய்யாதே தம்பி" என்றேன். "ஏன்?" என்று கேட்டார். அன்று என்னால் கோவையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 1951-ஆம் ஆண்டு கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 'பிரெசிஷன் பேஸ்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை இசைக்குழுக்களில் அடிநாதம் எழுப்பியது ஆளுயர டபுள் பேஸ். அதைச் சுமந்து செல்வது பெரும்பாடு. மற்றக் கருவிகள் முழங்கும்போது அதன் ஒலி கேட்பதும் அரிது. ஃபெண்டர் தந்த கருவியைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், மின்பெருக்கியில் இணைக்கலாம். வீணையில் இருப்பதுபோல் அதிலும் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்கலாம். துல்லியம் என்று பொருள்படும் அதன் பெயருக்கு இதுவே காரணம். 1960-இல் அதன் தம்பியாக 'ஜாஸ் பேஸ்' வந்தது. இக்கருவிகளின் கழுத்து மேப்பிள் மரத்தால் ஆனது. மேப்பிள் உறுதியானது, ஆனால் வெண்மையானது, அழுக்கை எளிதில் ஏற்பது, ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அசைந்துகொடுப்பது. ஆகவே அதற்கு ஒரு மேற்பூச்சு வேண்டும்.

அக்காலத்தில் பூசப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தாவர நாரின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் பக்குவப்படுத்திச் செய்யும் பூச்சு இது. நம் ஊர்ப் பட்டறைகளில் எந்த வண்ணத்தைத் தெளித்தாலும் 'டூக்கோ அடிப்பது' என்கிறார்களே, அந்தச் சொல் 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென விற்ற நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தின் பெயரிலிருந்து வந்ததே. இப்பூச்சு மிக மெல்லியது. கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. காலம் செல்லச் செல்ல மஞ்சளிக்கிறது, நொறுங்கும் தன்மை அடைகிறது. வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் உராய்வும் சேர்ந்து அதைத் தேய்க்கின்றன. 1960-களின் இறுதியில் ஃபெண்டர் தொழிற்சாலை தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அது எளிதில் தேய்வதில்லை. ஆகவே கழுத்தின் பின்புறம் கையின் வடிவிலேயே தேய்ந்திருக்கும் கருவி பெரும்பாலும் அந்த முதல் இருபது ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கும்.

இத்தகைய கழுத்தை என்ன செய்வது என்பதில் மூன்று கட்சியினர் இருக்கின்றனர். மூவரும் தவறு செய்கின்றனர் என்பது என் வாதம்.

முதற்கட்சியினர் புதுப்பிப்போர். 'தேய்ந்தது அசிங்கம், சுரண்டு, பூசு, பளபளக்கச் செய்' என்பது இவர்கள் கொள்கை. உப்புத்தாள் எதைச் சுரண்டுகிறது என்று இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய பூச்சு போகிறது. அதனோடு மரமும் போகிறது. கழுத்தின் வளைவு ஒரு மயிரிழை மாறினாலும் வாசிப்பவரின் உள்ளங்கை அதை உடனே அறிந்துகொள்ளும். தலைப்பகுதியில் ஒட்டப்பட்ட பெயர்ச்சின்னம் பூச்சோடு அழிகிறது. உடலோடு இணையும் அடிப்பகுதியில் தொழிலாளர் பென்சிலால் எழுதிய அல்லது முத்திரையிட்ட தேதிக்கும் ஆபத்து வருகிறது. 1950-களின் சில கழுத்துகளில் தேதியோடு இரண்டு முதலெழுத்துகளும் காணப்படுகின்றன. அவற்றைச் செதுக்கிய டாடியோ கோமஸ் என்ற தொழிலாளியின் கையெழுத்து அது. முதலாளியின் பெயர் உலகறியும். தொழிலாளியின் பெயருக்கு அந்தப் பென்சில் கீறலே கல்வெட்டு. அதன்மேல் உப்புத்தாளை ஓட்டுவதற்குப் புதுப்பித்தல் என்று பெயரிடுவது எனக்கு விளங்கவில்லை. உலகியல் கணக்கிலும் இது நட்டமே. முழுவதும் மறுபூச்சுக் கண்ட பழங்கருவியின் விலையை வணிகர் ஏறத்தாழப் பாதியாகவே மதிப்பிடுவது வழக்கம்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். 'கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தவர் ஃபெண்டரே. கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டுவதற்காகவே அவர் அப்படிச் செய்தார். அவருக்கே இல்லாத பக்தி உமக்கு எதற்கு?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதில் தொழில் தொடங்கியவர் அவர். கித்தார் வாசிக்கவும் அறியாதவர். கருவி பழுதுபட்டால் வாசிப்பவரின் பிழைப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அவர் கவலை. ஒரு கழுத்து உண்மையிலேயே முறுக்கிக்கொண்டால், பிளந்துவிட்டால், மாற்றுவதே முறை. அது பழுது. கட்டைவிரல் பட்டு மெருகு போனது அத்தகைய பழுதன்று. கருவி தன் வேலையைச் செய்ததால் வந்தது அது.

இரண்டாம் கட்சியினர் இவர்களுக்கு நேர் எதிரானவர்போல் தோன்றுவர். இவர்களுக்குத் தேய்மானம் மிகவும் பிடிக்கும். தேய்ப்பதற்கான பொறுமைதான் இல்லை. புதுக் கருவியை வாங்கி, பூச்சைச் சுரண்டி, சாவிக்கொத்தால் அடித்து, உலோகப் பகுதிகளை வேதிப்பொருளால் கறுக்கவைத்து, அறுபது ஆண்டு வாசித்ததுபோல் ஆக்கிக்கொள்வர். தனியாரின் பொழுதுபோக்காக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1995-இல் ஃபெண்டர் நிறுவனமே தன் சிறப்புப் பட்டறையில் இதை ஒரு விற்பனை வரிசையாகத் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெலிக்'.

கத்தோலிக்கரின் காதுகள் இச்சொல்லைக் கேட்டுத் திடுக்கிட வேண்டும். நம் திருச்சபை புனிதரின் எலும்புக்கும் உடைக்கும் வழங்கும் பெயர் அது. நாம் திருப்பண்டம் என்கிறோம். யாரும் வாசிக்காத கருவியின்மேல் வேண்டுமென்றே போட்ட கீறலுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, கீறலில்லாத புதுக் கருவியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். திருச்சபைக்கு இந்த வணிகம் புதிதன்று. போலித் திருப்பண்டங்கள் மலிந்த காலத்தில், 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் திருப்பண்டங்களை விற்பனைக்கு வைப்பதைத் தடைசெய்தது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் தன் 1190-ஆம் எண்ணில் திருப்பண்டங்களை விற்பது முற்றிலும் முறையற்றது என்கிறது. கித்தார் திருப்பண்டமன்று, சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அச்சட்டத்தின் அடியில் இருக்கும் அறிவு நமக்கு உதவும். ஒரு வாழ்வு விட்டுச்சென்ற தடயத்தை அந்த வாழ்வை வாழாமல் விலைக்கு வாங்க முடியாது. வாங்க முயல்பவர் கையில் எஞ்சுவது வேடமே.

அதே 1995-ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தின் ரோரி கல்லகர் மறைந்தார். அவர் வாசித்தது பேஸ் அன்று. அதே தொழிற்சாலையில் 1961-இல் பிறந்த உடன்பிறப்பான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார். 1963-இல் கார்க் நகரில் வாங்கிய அதன் வண்ணம், ஆண்டுக்கணக்கான வியர்வையிலும் உழைப்பிலும் பெரும்பாலும் உதிர்ந்து வெறும் மரமாயிற்று. அவர் அதற்குப் புது வண்ணம் அடிக்கவில்லை. 2024-இல் அது ஏலத்துக்கு வந்தபோது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாடு பாதுகாக்க விரும்பிய பொருளில் பூச்சு இருந்த இடத்தைவிடப் பூச்சு போன இடமே அதிகம்.

மூன்றாம் கட்சியினர்மேல் எனக்குப் பரிவு உண்டு. 'தொடாதே, அப்படியே விட்டுவிடு' என்பவர்கள் இவர்கள். நோக்கம் நல்லது, விளைவு நல்லதன்று. மேற்பூச்சு போன மேப்பிள் வியர்வையை உறிஞ்சும். அழுக்கு நாரின் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் பின்னர் மரத்தைச் சுரண்டாமல் அதை எடுக்க இயலாது. ஈரம் புகுந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் மரம் சிறிது வீங்கிச் சுருங்கும். எஞ்சிய பூச்சின் ஓரங்கள் செதில் செதிலாக எழும்பும். நம்மூர்க் கடற்கரைப் பங்குகளின் காற்றை நினைத்துப் பாருங்கள். பாதுகாக்கிறோம் என்று கைகட்டி நிற்பவர், அடுத்த தலைமுறையில் ஒருவர் உப்புத்தாளைத் தூக்கவேண்டிய கட்டாயத்தை உருவாக்கிவைக்கிறார். பராமரிக்காத பக்தி சோம்பலுக்கு மிக அருகில் குடியிருக்கிறது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? தேய்ந்த இடத்தைத் தேய்ந்ததாகவே ஏற்று, அது மேலும் கெடாமல் மூடுவது. முறை எளியது. சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தாவை மென்துணியில் சிறிதளவு நனைத்து, படிந்த பிசுக்கைத் துடைக்க வேண்டும். அது தீப்பற்றும் பொருள் என்பதால் சன்னல்களைத் திறந்துவைத்து, விளக்கு, மெழுகுதிரி ஏதுமில்லாத இடத்தில் செய்தல் வேண்டும். உலர்ந்த லாக்கரை நாப்தா கரைப்பதில்லை. லாக்கர் தின்னர் உடனே கரைத்துவிடும், ஆகவே தின்னரைத் தொடவே கூடாது. வெளித்தெரியும் மரத்தில் மட்டும், நம் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்லும் அரக்கு மெருகை மிக நீர்த்த நிலையில், துணிப்பொட்டலத்தால் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுக்க வேண்டும். பழைய பூச்சின் ஓரத்தைச் சமன்செய்யவோ நிறத்தை ஒப்பிடவோ முயல வேண்டியதில்லை. நன்றாக உலரவிட்டு, சிறிது மெழுகு தேய்த்தால் கை வழுக்கிச் செல்லும்.

அரக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜார்க்கண்ட் முதலிய பகுதிகளின் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. அதைப் பின்னர் வேண்டுமென்றால் எரிசாராயத்தால் பெரும்பாலும் அகற்றிவிடலாம். புதிய நைட்ரோ லாக்கரையே பூசினால் அது பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும். எது பழையது, எது நம் கைவேலை என்று பிறகு எவராலும் பிரிக்க இயலாது. அரக்கு மெருகும் சில ஆண்டுகளில் தேயும் என்பது உண்மையே. தேயட்டும். மீண்டும் ஒற்றிக்கொள்ளலாம். செய்த நாளையும் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் பெட்டிக்குள் வைத்துவிட்டால், பின்வருபவருக்கு நாம் பொய் சொன்னவர்களாக மாட்டோம். 1964-இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற நெறியை வகுத்தது. பேராலயங்களுக்குச் சொன்னது ஒரு சாண் மரத்துக்கும் பொருந்துகிறது.

கருவியை மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. ஃபுளோரிடாவில் வளர்ந்து, சிறுவயதில் பீடச்சிறுவராகப் பணிசெய்த ஜாக்கோ பாஸ்டோரியஸ், தம் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் விரற்பலகையிலிருந்து மெட்டுகளையே அகற்றியவர். எஃகுக் கம்பிகள் வெறும் மரத்தை அரிக்காதபடி, படகுகளுக்குப் பூசும் எபாக்சியை அதன்மேல் பூசினார். ஒருவகையில் பெரும் சிதைவு அது. ஆனால் அவர் தேடிய ஒலிக்கு அது தேவைப்பட்டது. அந்த ஒலி பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றியது. வாசிப்பதற்காக மாற்றுவது வேறு, பார்ப்பவர் கண்ணுக்காக மாற்றுவது வேறு. பட்டறைக்குப் போகும் முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: இந்த வேலை இசைக்காகவா, தோற்றத்துக்காகவா?

இனி, இதில் இறைமக்களுக்கு என்ன என்று கேட்பவர்க்குச் சொல்கிறேன். திருவிழாவுக்கு முந்திய வாரம் நம் பங்குகளில் நடப்பதை நினைவுகூருங்கள். நூறாண்டு கண்ட மரச் சுரூபத்தின்மேல் எனாமல் வண்ணம் ஏறுகிறது. புனிதரின் கன்னம் ரோஜாவாகிறது, உதடு சிவப்பாகிறது. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பாதம் பளபளக்கிறது. நன்கொடையாளர் பெயர் பலகையில் ஏறுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கோவிலில் அப்படிப் பூசியபோது பழைய தச்சரின் உளிவரிகள் முழுவதும் மூடுண்டன. இன்று அந்த முகத்தில் பொம்மையின் சாயலே எஞ்சியிருக்கிறது. செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். ஆனால் அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் எண் என்ன சொல்கிறது? பழைமையாலோ கலைச்சிறப்பாலோ மக்களின் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற திருவுருவங்களைப் பழுதுபார்க்க நேர்ந்தால், ஆயரைப் போன்ற உரிய திருச்சபை அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி தருமுன் அவர் வல்லுநரைக் கலந்தாலோசிக்க வேண்டும். நம்மில் எத்தனை விழாக்குழுவினர் வண்ண டப்பாவைத் திறக்குமுன் இச்சட்டத்தை நினைத்தோம்?

உரோமை நகரில் தூய பேதுரு பெருங்கோவிலுக்குச் சென்றவர்கள் அங்கே வெண்கலத்தில் அமர்ந்திருக்கும் பேதுருவைக் கண்டிருப்பார்கள். பல நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் முத்தமிட்டும் தொட்டும் அவருடைய வலது பாதத்தின் விரல்கள் உருத்தெரியாமல் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. அவர் கையிலுள்ள சாவிகளைவிட அந்தப் பாதமே என்னைப் போன்றவனுக்கு அதிகம் போதிக்கிறது. அதற்குப் புது விரல்கள் வார்த்து ஒட்ட வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நாம் சம்மதிப்போமா?

இதற்கெல்லாம் மேலான சாட்சி ஒன்று உண்டு. உயிர்த்த ஆண்டவர் கதவடைத்த அறைக்குள் வந்து நின்றபோது, மாட்சிமை பெற்ற அவருடைய உடலில் ஆணித்தழும்புகள் இருந்தன. சாவையே வென்றவருக்குத் தழும்பை அகற்றுவது அரிதா? தோமாவுக்கு அவர் காட்டியது அந்தத் தழும்புகளையே. அன்பு செய்ததன் அடையாளத்தை இறைவன் புதுவாழ்விலும் அழித்துவிடவில்லை என்று நம்புகிற நாம், அன்போடு உழைத்த கைகளின் அடையாளத்தை எதற்காக அவசர அவசரமாக அழிக்கிறோம்?

அந்த இளைஞர் பட்டறைக்குப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுத் திண்ணையில் இருவருமாக உட்கார்ந்து, துணியும் நாப்தாவும் அரக்குமாக மேற்சொன்னபடி செய்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி போயிற்று. ஒரு பகுதி போகவில்லை. போகாததை விட்டுவிட்டோம். திருவழிபாட்டில் பிற இசைக்கருவிகளுக்கும் உரிய அனுமதியோடு இடமுண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கதவைத் திறந்ததால், அந்தக் கருவி இன்று எங்கள் ஞாயிறு திருப்பலியில் ஒலிக்கிறது. வாசிக்கும்போது அவருடைய கட்டைவிரல், மாமனின் கட்டைவிரல் தேய்த்த அதே இடத்தில் ஊன்றி நிற்கிறது.

விழாக்குழுவில் இருக்கும் அன்பர்களே, உங்கள் கோவிலின் பழைய சுரூபத்துக்கு வண்ணம் வாங்கத் தீர்மானம் போடுமுன், அதன் தேய்ந்த பாதத்தை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். பிறகு ஆயருக்கு எழுதுங்கள். வண்ண டப்பா காத்திருக்கட்டும்.